பெயரில் கேமிங் இருந்தால் போதுமா?

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு சேலம், நாமக்கல் வீடுகளில் கட்-ஆஃப் கணக்கு தொடங்கிவிடும். இப்போது அந்தக் கணக்குக்கு நடுவே, "கேம் செய்யற கோர்ஸ் படிக்கட்டுமா?" என்று கேட்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. கல்விச் சந்தையில் அதற்குக் கிடைக்கும் பதில்தான் கோளாறு. கேமிங் என்று பெயரிட்ட பி.டெக்., அனிமேஷனோடு கேமிங்கை ஒட்டிய பி.எஸ்சி. என்று பட்டத்தின் பெயரையே காட்டி விற்கிறார்கள்.

இந்த வகைப் பட்டம் பிறந்த ஊரைப் பார்ப்போம். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் உள்ள அபர்டே பல்கலைக்கழகம்தான் 1997இல் கணினி விளையாட்டுக்கென்றே ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கியது. உலகில் அதுவே முதல் என்று சொல்வார்கள். ஆனால் அங்கே தொழில் முன்னே வந்தது, பட்டம் பின்னே வந்தது. எண்பதுகளில் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினிகளைச் செய்த டைமெக்ஸ் ஆலை டண்டீயில் இருந்தது. 1991இல் வெளிவந்த லெம்மிங்ஸ் விளையாட்டையும், பிறகு கிராண்ட் தெஃப்ட் ஆட்டோவையும் உருவாக்கிய டிஎம்ஏ டிசைன் அந்த ஊர் நிறுவனம். மாணவருக்கு வேலை கற்றுத்தர ஆள் பக்கத்துத் தெருவில் இருந்தார்.

சேலத்துக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்பட வளாகத்துக்குள்ளேயே கேமராவும் ஒலிப்பதிவும் கற்றவர்கள் பலர். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுவதை இன்றைக்கும் பட்டறையில்தான் கற்கிறார்கள். கேம் தொழிலின் பட்டறைகளோ தொலைவில் இருக்கின்றன: ராக்ஸ்டார் பெங்களூரில், இஏ ஹைதராபாத்தில், யூபிசாஃப்ட் புனேயிலும் மும்பையிலும். பட்டறை இல்லாத ஊரில் பட்டம் மட்டும் வந்து இறங்கினால், கற்றுத்தருபவர் ஒரு விளையாட்டையும் வெளியிட்டிராதவராகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

இருந்தாலும் அந்தப் பட்டங்களை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நன்றாக நடத்தப்படும் கேமிங் படிப்பில் நிரல் எழுதுபவர், ஓவியம் போடுபவர், ஒலி சேர்ப்பவர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து ஒரு விளையாட்டை முடித்தே தீர வேண்டும். தனியாகக் கணினியியல் படிப்பவன் ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து எழுதலாம். ஆனால் படம் வரைய ஆள் கிடைக்காது. இன்னொரு லாபம் வீட்டு அளவிலானது. செல்போனைப் பூட்டி வைத்துப் படிக்கவைக்கும் விடுதிப் பள்ளிகளுக்குப் பேர்போன மாவட்டம் நாமக்கல். அங்கே கேம் என்றாலே கெட்டுப்போவது என்று அர்த்தம். ஆன்லைன் ரம்மியால் குடும்பங்கள் பட்ட பாடும், அதற்காகத் தமிழ்நாடு போட்ட 2022ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தப் பயத்தை இன்னும் கெட்டியாக்கின. 'பல்கலைக்கழகப் பட்டம்' என்ற சொல் அப்பாவைச் சம்மதிக்க வைக்கிறது. இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்தப் பட்டத்தில் உள்ள கேமிங் என்ற பெயர் பின்னால் காலைக் கட்டுகிறது. 2025 பிப்ரவரியில், அனிமேஷன், கேம் வேலைகள் செய்துவந்த டெக்னிகலர் நிறுவனம் சரிந்தபோது பெங்களூரில் இருந்தவர்களுக்கும் வேலை போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்ததும், அவற்றை நடத்திய நிறுவனங்களிலும் ஆட்குறைப்பு நடந்தது. அப்படிப்பட்ட நாளில் கணினியியல் படித்தவர் வங்கி மென்பொருளுக்கோ வேறு எதற்கோ நகர்ந்துவிடலாம். கேமிங் என்று மட்டும் எழுதிய சான்றிதழோடு நிற்பவர் ஒவ்வொரு நேர்காணலிலும் தன் படிப்பை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்.

கணக்கு வராது என்பதற்காக கேமிங் பக்கம் ஒதுங்குகிறவர்களும் உண்டு. அங்கேயும் கணக்கு விடாது: திரையில் ஒரு பாத்திரம் திரும்புவதே மேட்ரிக்ஸ் பெருக்கல். நொடிக்கு 60 சட்டகம் ஓட வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 17 மில்லிநொடிகூட இல்லை. அதற்குள் கணக்கு முடிய வேண்டும். பி.இ. முதல் ஆண்டில் பலரும் வெறுக்கும் மேட்ரிக்ஸ் பாடம்தான் இங்கே சோறு போடுகிறது.

பலருக்குத் தெரியாத ஒன்று: அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி, சாதாரண பி.இ. கணினியியலிலேயே கேம் டெவலப்மென்ட் ஒரு விருப்பப்பாடமாக இடம்பெற்றது. ஏட்டில் இடம்பெற்றது என்றுதான் சொல்ல வேண்டும். எந்த விருப்பப்பாடத்தை நடத்துவது என்பதைப் பல கல்லூரிகளில் மாணவர் முடிவுசெய்வதில்லை, துறைதான் முடிவுசெய்கிறது.

வரையும் கை உள்ளவருக்குப் பாதை வேறு. மென்பொருள் பொத்தான்களை மூன்று வருடம் கற்பதைவிட, சென்னையிலோ கும்பகோணத்திலோ அரசு கவின்கலைக் கல்லூரியில் உடலமைப்பும் ஒளியும் கற்பது மேல். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளை இலவசமாக இறக்கி வீட்டிலேயே பழகலாம்.

கதை சொல்லத் தெரிந்தவருக்கு 'வெண்பா' ஒரு சான்று. கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து, டொராண்டோவின் சிறிய குழு 2023இல் வெளியிட்ட அந்த விளையாட்டு, மறு ஆண்டே அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதை வாங்கியது. இட்லிப் பானையைப் பற்றி எந்தப் பாடத்திட்டமும் அவர்களுக்குச் சொல்லித்தந்திருக்காது.

என் தீர்ப்பு இது: சேலம், நாமக்கல் பக்கம் இருந்துகொண்டு தேர்ந்தெடுப்பவருக்கு, நல்ல கல்லூரியில் கணினியியலும் பக்கத்தில் சொந்தமாகச் செய்த நாலு சிறு விளையாட்டுகளும்தான் பாதுகாப்பான வழி. கேமிங் பட்டமே வேண்டும் என்றால், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குப் பணம் கட்டும் முன் சேர்க்கை அலுவலகத்தில் ஒன்று கேளுங்கள். போன வருட மாணவர்கள் முடித்து வெளியிட்ட விளையாட்டு ஒன்றை அங்கேயே ஆடிப்பார்க்கத் தரச் சொல்லுங்கள். தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.