நானும் இருக்கேன் படத்துல!

சிரிக்காதீங்க, கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் பொத்தானைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிற ஆள் நான். புளூடூத் ரிமோட்! மொபைல் கடைக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டப் போனவன் 150 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன்.

எங்க வீட்டு ஆல்பத்தைப் பார்த்தால் உங்களுக்கே பாவமாக இருக்கும். குற்றாலம், ஊட்டி, திருச்செந்தூர் என்று எல்லாரையும் கூட்டிப் போனவன் நான். ஒரு படத்திலும் நான் கிடையாது. ஒன்றிரண்டில் என் நிழல் மட்டும் எல்லார் காலடியிலும் நீட்டிப் படுத்திருக்கும். டைமர் வைத்து ஓடியும் பார்த்தாச்சு. என் முதுகும் ஒற்றைச் செருப்பும் விழுந்த அந்தப் படத்தைத் தங்கச்சி இன்னும் குடும்ப குரூப்பில் போட்டு மானத்தை வாங்குகிறாள்.

இந்தக் குட்டிச்சாத்தான் என்ன பண்ணுது தெரியுமா? தன்னை ஒரு கீபோர்டு என்று சொல்லி போனை நம்ப வைத்துவிடுகிறது! நாம் அமுக்கினால், சத்தம் கூட்டுகிற பட்டனை யாரோ தட்டியதாகப் போனுக்குத் தகவல் போகும்; கேமரா திறந்திருந்தால் அந்தப் பட்டன்தானே க்ளிக்! சுமார் 30 அடி தள்ளி நின்றாலும் வேலை செய்யும். உள்ளே இருப்பது காசு மாதிரி ஒரே ஒரு 2032 பேட்டரி. வாங்கிய அன்று ராத்திரி பாத்ரூமுக்குள் நின்றுகொண்டு ஹாலில் ஓடுகிற ஃபேனை 47 படம் எடுத்தேன். ஆமாம், பைத்தியம்தான்.

ஆனால் தனுஷ்கோடியில் நடந்ததைக் கேளுங்க. 1964 புயலில் இடிந்த சர்ச், கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கிறது, ஆளைத் தள்ளுகிற காற்று, வாயெல்லாம் மணல், ட்ரைபாட் காலை மணலுக்குள் புதைத்துத் தண்ணீர் பாட்டில் பையை அதில் தொங்கவிட்டு நான் ஓடி வந்து அம்மா பக்கத்தில் நிற்கிறேன், நடக்கிறேன் சார், நடந்தே வந்து நிற்கிறேன், அம்மா போனைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், "நீ இங்க வந்துட்டா யாருடா எடுக்கிறது?" என்கிறாள், க்ளிக், சின்னவன் ஐஸை அவள் புடவையில் கொட்டுகிறான், க்ளிக், கேமராவைக் கண்டாலே ரேஷன் கார்டு முகம் வைக்கிற என் அம்மா அவனைத் திட்ட ஆரம்பித்து முடிக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள், க்ளிக் க்ளிக் க்ளிக், என் கை பேன்ட் பாக்கெட்டுக்குள், யாருக்கும் தெரியாது! ஸ்கிரீனில் பார்த்தபோது அவள் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, மணல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இந்த ரிமோட் கனெக்ட் ஆகியிருந்தால் சில நேரம் டைப் அடிக்க ஸ்கிரீனில் கீபோர்டு வராது. போகட்டும், எவனுக்கு டைப் அடிக்கணும்?

திரும்பும்போது ரிமோட்டை அம்மா பிடுங்கிக்கொண்டாள். என் போனிலிருந்து வேனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ராமேஸ்வரம் நெருங்க நெருங்கச் சத்தம் கூடிக்கொண்டே போக, டிரைவர் அண்ணன் ஸ்பீக்கரைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். பின்சீட்டில் அம்மா, கண்ணை மூடிக்கொண்டு, அமுக்கிக்கொண்டே இருக்கிறாள்.