கிப்ளிங்கின் நிபந்தனை வாக்கியம்

ஆங்கில இலக்கண நூல்கள் நிபந்தனை வாக்கியங்களைப் பெரும்பாலும் மூவகைப்படுத்துகின்றன. நிறைவேறக்கூடிய நிபந்தனை முதலாவது. நடப்புக்கு மாறான கற்பனை இரண்டாவது. இதில் வரும் இறந்தகால வினை காலத்தைச் சுட்டாது, உண்மையிலிருந்து விலகலையே சுட்டும். நடவாது போனவற்றைப் பற்றியது மூன்றாவது. தமிழில் 'வந்தால்' என்னும் ஒரே எச்சம் முதலிரண்டுக்கும் பொருந்துவதால் நம் மாணவர் இடறுவது இங்கேதான். ஆயின் எவ்வகையைத் தெரிவது என்பது இலக்கணப் பயிற்சியோடு முடிந்துவிடும் வினா அன்று. யாருக்கு எது இயலும் என்ற கருத்துநிலையும் அத்தெரிவில் உறைகின்றது.

றட்யார்ட் கிப்ளிங் 1910இல் நூலிற் சேர்த்து வெளியிட்ட 'இஃப்' என்னும் கவிதை 32 அடிகளாலான ஒரே வாக்கியம். 13 நிபந்தனைகள் அடுக்கப்பட்டு, முதன்மை வாக்கியம் ஈற்றடிகள் இரண்டில் மட்டுமே வருகின்றது. கவிதை போதிக்கும் பொறுமையை வாக்கிய அமைப்பே வாசகனிடம் வேண்டிநிற்கின்றது. இத்திறனை மறுப்பது விமர்சனமாகாது. ஆனால் நிபந்தனைகள் யாவும் முதலாம் வகையின. நிறைவேற்றுவோன் எவனாயினும் உலகம் அவனுக்குரியது என்பதே அவ்வகை தரும் உறுதி. உடைமை, பிறப்பு, நிறம், படைபலம் ஆகியவை நிபந்தனைகளுள் இடம்பெறவில்லை. தனிமனித உளப்பாங்கு மட்டுமே பேசப்படுகின்றது.

இக்கவிதை ஜேம்சனின் குணவியல்பிலிருந்து பிறந்தது என்பது கிப்ளிங்கின் சொந்த வாக்குமூலம். 1895 டிசம்பர் இறுதியில், பொன் விளையும் திரான்சுவால் மீது வணிகக் கம்பனியொன்றின் காவற்படையுடன் பாய்ந்து, சில நாட்களிற் சரணடைந்தவர் அவர். இலண்டனில் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். நோயின் பொருட்டு முன்னதாகவே விடுவிக்கப்பட்டார். 1904இல் கேப் குடியேற்ற நாட்டின் பிரதமருமானார். உலகை அவருக்கு மீட்டுக் கொடுத்தது எந்த நிபந்தனை? அதே பொன்சுரங்கங்களில் உழைத்த ஆபிரிக்கத் தொழிலாளர், பொறுமையும் உழைப்பும் பற்றிய நிபந்தனைகளை நாள்தோறும் நிறைவேற்றினர். அவர்களுக்கு முதன்மை வாக்கியம் வந்து சேரவேயில்லை. ஏகாதிபத்தியம் என்ற சொல்லப்படாத நிபந்தனையை மறைத்தே இவ்வாக்கியம் ஒழுக்கப் பாடமாகின்றது.

மகனை விளித்து முடியும் கவிதை அது. பார்வைக் குறைபாடுடைய தம் மகனுக்குச் செல்வாக்கைப் பயன்படுத்திப் படையில் அதிகாரப் பதவி பெற்றுக்கொடுத்தார் கிப்ளிங். 1915இல் லூஸ் போரில் 18 வயதில் அவன் மாண்டான். 1919இல் அவர் வெளியிட்ட கல்லறை வாசகங்களுள் ஈரடியான ஒன்றும் 'இஃப்' என்றே தொடங்குகின்றது. அங்கு முதன்மை வாக்கியத்தில் வாக்குறுதி எதுவுமில்லை, ஏவல் வினைதான் உண்டு. தம் சாவுக்குக் காரணம் கேட்போரிடம் தந்தையரின் பொய்யையே சொல்லுமாறு பணிக்கின்றனர், இறந்துபோன படைவீரர்.