தானியங்கி எஸ்கேப்: எதுவரை காக்கும்?

பயனர் தட்டச்சு செய்த பெயரோ கருத்தோ வலைப்பக்கத்தில் ஏறும்போது, உலாவி அதை வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். நிரலாக எடுத்துக்கொண்டால், பக்கம் அந்நியர் கைக்குப் போய்விடும். இதைத் தடுக்க, கோணக்குறிகள், ஒற்றை, இரட்டை மேற்கோள்கள், ஆம்பர்சண்ட் ஆகிய ஐந்து குறிகளையும் டெம்ப்ளேட்டே தீங்கற்ற வடிவுக்கு மாற்றிவிடுவதுதான் தானியங்கி எஸ்கேப்.

வெறும் பிஎச்பியில் எழுதும் பக்கங்களில் ஒவ்வொரு எக்கோவிலும் நிரலாளர்தான் இதை நினைவாகச் செய்தாக வேண்டும். நூறு இடங்களில் செய்து ஓரிடத்தில் விட்டாலும், தாக்குபவருக்கு அது போதும். வலைச் சட்டகங்களில் ஜாங்கோ 2008இல் 1.0 பதிப்பிலும், ரெயில்ஸ் 2010இல் 3.0 பதிப்பிலும் இதைத் தலைகீழாக்கி, மாற்றுவதையே இயல்பாக்கின. இப்போது மறதியால் கேடு வருவது குறைவு. விலக்கு வேண்டுமென்றால் 'சேஃப்', 'ரா' என்று எழுதியாக வேண்டும். நிரலைச் சரிபார்ப்பவர் அந்தச் சொற்களைத் தேடினாலே ஐயத்துக்குரிய இடங்கள் அகப்படும். ரியாக்ட் தன் விலக்கின் பெயரிலேயே 'டேஞ்சரஸ்லி' என்று எச்சரிக்கிறது. இம்முறையின் மெய்யான பலம் இதுவே.

பலவீனம், இடம் அறியாமை. ஐந்து குறிகளை மாற்றுவது பக்கத்தின் உடலுக்கும் மேற்கோளுக்குள் அடங்கிய பண்புகளுக்கும் பொருந்தும். ஆனால் இணைப்பு முகவரியில் 'ஜாவாஸ்கிரிப்ட்' என்று தொடங்கும் ஒரு வரிக்கு அந்த ஐந்தில் எதுவுமே தேவையில்லை, காவலைக் கடந்துவிடும். கோ மொழியின் எச்டிஎம்எல் டெம்ப்ளேட் தொகுப்பு, மதிப்பு எங்கே விழுகிறது என்று பார்த்து அதற்கேற்ப மாற்றுகிறது. எல்லாக் கருவிகளும் அப்படியல்ல.

இன்னொரு தொல்லை, இரட்டை மாற்றம். ஏற்கெனவே எஸ்கேப் செய்து சேமித்ததை மறுபடி மாற்றினால், திரையில் குறிகளுக்குப் பதில் குறியீட்டுக் குப்பை தெரியும். எரிச்சலில் ஒருவர் 'சேஃப்' சேர்ப்பார். குப்பை போகும், காவலும் போகும்.

தடித்த எழுத்து, படம் என்று பயனரின் எச்டிஎம்எல்லையே அனுமதிக்கும் தளங்களுக்கோ இது உதவாது. அங்கே தீங்கானதை மட்டும் நீக்கும் வடிகட்டியே கதி. அதுவும் ஏமாறக்கூடும். சமூக வலைத்தளமான மைஸ்பேஸின் வடிகட்டியை ஏமாற்றிய நிரலொன்று 2005 அக்டோபரில் ஒரு நாளுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளில் பரவியது.

ஆகவே தானியங்கி எஸ்கேப்பை அணைத்துவைக்க நியாயமில்லை. இதுவே போதும் என்பதற்கும் நியாயமில்லை. மறதிக்கு இது மருந்து. வெளியீடு எந்த இடத்தில் விழுகிறது என்ற கேள்விக்கு நிரலாளரே பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு 'சேஃப்'புக்கும் எழுதியவரிடம் காரணம் கேட்க வேண்டும்.