பூக்கட்டும், பார்க்கலாம்

ஐப்பசி மழைக்குப் பின் தொட்டியிலும் வேலியோரத்திலும் தானாக முளைத்தவற்றைப் பிடுங்குவதா, விடுவதா என்று தீர்மானிக்கும் கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். களையெடுத்துப் பழகிய பெண்கள் அவசரப்படுவதில்லை. குத்தவைத்து உட்கார்ந்து தண்டை இரு விரலிடையே உருட்டுவார்கள். சதுரமாக நெருடினால் துளசி வகையோ என்று இலையைக் கசக்கி முகர்வார்கள். இலைவரிசையைத் திருப்பி, அடியில் கடுகளவு பச்சைக் காய்கள் தொங்கினால், “கீழாநெல்லி, இருக்கட்டும்.” கேரட் இலைச் சாயலில் வரும் பார்த்தீனியத்துக்கு மட்டும் இந்த மரியாதை கிடையாது. பூக்குமுன்பே கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரே இழுப்பு. ஈரமண் வேரை விடும்போது எழும் அந்த ‘சரக்’ சத்தம் எனக்குப் பிடிக்கும்.

உடனே பிடிபடாத செடிகள்தான் இன்னும் சுவாரசியம். குருவி எச்சத்தில் வந்த மணத்தக்காளியோ, வேறெதுவோ? காலில் மிதிபடாமலிருக்கப் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, “பூக்கட்டும், பாத்துக்கலாம்” என்று அடுத்த செடிக்கு நகர்ந்துவிடுவார்கள். தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் ஒரு பார்வை. முள் தலைகாட்டினால் கண்டங்கத்தரியாக இருக்கலாம். சளிக்கு ஆகுமென்று அதற்கும் மூலையில் இடம் தரும் வீடுகள் உண்டு. சின்ன வெள்ளைப் பூ உதிர்ந்து, கொத்துக் காய் கறுத்து, மணத்தக்காளிதான் என்று உறுதியானால் கொழுந்து கூட்டுக்கு, காய் வத்தலுக்கு.