தேம்பாவணியில் உவகை

சமய நூல்களைக் கற்பதால் எய்தும் பயன் யாது என வினவின், வீடுபேறு என்பர் சமயச் சான்றோர். இன்பம் என்பர் இலக்கியச் சான்றோர். இவ்விரண்டும் தம்முள் முரணுவன அல்ல. ஆயினும், இலக்கிய இன்பத்தைக் கசப்பு மருந்தின்மேல் தடவிய தேனாகக் கருதிச் சமயக் காப்பியங்களை மதிப்பிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. வீரமாமுனிவரின் தேம்பாவணி இம்மதிப்பீட்டிற்கு மிகுதியும் ஆளாகிய நூலாகும். அதன்கண் திருமறைச் செய்தியே பொருள் என்றும், சிந்தாமணியையும் கம்பரையும் ஒட்டி அமைந்த அணிநலம் மேற்பூச்சே என்றும் கூறி அமைவார் உளர். இக்கூற்றுப் பொருந்துமா என்பதை, அக்காப்பியம் உவகையைக் கையாளும் முறை கொண்டு ஆராய்வோம்.

முனிவர் (1680–1747) இத்தாலியில் தோன்றியவர். கொள்ளிடத்திற்கு வடபால் உள்ள ஏலாக்குறிச்சியில் தங்கிப் பல்லாண்டு தொண்டாற்றியவர். அவ்வூர் முன்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும், 1995-க்குப் பின் பெரம்பலூர் மாவட்டத்திலும் இருந்து, இன்று அரியலூர் மாவட்டத்தில் அடங்கியுள்ளது. அதற்கு அவர் சூட்டிய பெயர் திருக்காவலூர் என்பது. அங்குக் கோயில்கொண்ட அடைக்கல அன்னைமீது அவர் பாடியது திருக்காவலூர்க் கலம்பகம். காவல், அடைக்கலம் என்னும் இரு சொற்களும் ஈண்டுக் கருதற்பாலன. அச்சம் உள்ள இடத்திலேயே காவல் வேண்டப்படும். துயருற்றவரே அடைக்கலம் நாடுவர். எனவே, முனிவர் கண்ட இறையின்பம் துயரை அறியாத இன்பம் அன்று என்பதை ஊர்ப்பெயரே உணர்த்துகின்றது.

காப்பியத்தின் பெயரும் இவ்வுண்மைக்குச் சான்றாகும். தேம்பா அணி எனப் பிரிப்பின் வாடாத மாலை என்றும், தேன் பா அணி எனப் பிரிப்பின் தேன் போன்ற பாக்களாலாகிய மாலை என்றும் பொருள்படும். பின்னதை மட்டும் கொள்வோர் இனிமையைக் காண்பர். அவ்வினிமை எதனை வென்று நிற்பது என்பதைக் காணார். தேம்புதல் வாடுதலையும் குறிக்கும். விம்மி அழுதலையும் குறிக்கும். வாட்டத்தைக் கண்டு கடந்த மாலையே தேம்பா அணி ஆதல் கூடும்.

இனி, நூலினுள் புகுவோம். மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட இப்பெருநூலின் தலைவன் வளன் எனப் பெயர் பெற்ற சூசையப்பர். நற்செய்தி நூல்கள் நான்கனுள்ளும் அவர் வாய்ச்சொல்லாக ஒன்றேனும் இல்லை. கன்னி மரியாள் கருவுற்றதை அறிந்து அவர் ஐயுற்றதையும், யாரும் அறியாவண்ணம் விலக்கிவிட எண்ணியதையும், வானதூதர் கனவில் தோன்றித் தெளிவித்ததையும், விழித்தெழுந்து அவ்வாறே செய்ததையும் மத்தேயு மிகச் சுருங்கக் கூறிச் செல்கின்றார். தெளிந்தவர் மகிழ்ந்தார் என்னும் ஒரு சொல்லும் அங்கு இல்லை.

முனிவரோ இவ்விடத்தில் ஐயந்தோற்று படலம், ஐயம் நீங்கு படலம், மகிழ்வினைப் படலம், மகவருள் படலம் என நான்கினை நிரல்பட அமைத்துள்ளார். திருமறை வாய்திறவாத இடத்தில் உவகைக்கெனத் தனிப்படலம் வகுத்தமை நோக்கத்தக்கது. அதனினும் நோக்கத்தக்கது அதன் இடம். அது குழந்தையின் பிறப்பிற்குப் பின் நில்லாது முன் நிற்கின்றது. குழந்தையைக் கண்டு மகிழ்தல் எவர்க்கும் இயல்பு. வளனோ கண்ணாற் காணாமுன், சொல்லை நம்பி மகிழ்கின்றான். திருமறையைக் கற்பான் ஒருவன் பெறும் மகிழ்ச்சியும் இத்தகையதே அன்றோ?

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் இறுதியாக உவகையை வைத்து, அதன் நிலைக்களம் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்கென்பர். வளன் தச்சுத்தொழில் செய்து வாழ்பவன். செல்வம் அவன் உவகைக்குக் களம் அன்று. இல்லறத்தையும் துறவறத்தையும் ஒருங்கே மேற்கொண்டவன் அவன் என்பதை ஈரறம் பொருத்து படலம் காட்டும். ஆகலின் புணர்வும் அன்று. விளையாட்டு அன்று என்பது வெளிப்படை. எஞ்சியது புலன். அச்சொற்கு அறிவு எனப் பொருள் கொள்ளின், ஐயம் அகன்று தெளிந்த அறிவே அவன் உவகைக்குக் களமாதல் விளங்கும். மெய்ப்பாட்டியல் வகுத்த இடத்திலேயே மறையின்பத்திற்கும் இடம் உண்டு என்பதை முனிவர் தம் காப்பியத்தால் மெய்ப்பித்துள்ளார் எனலாம்.

இக்கதைப் பகுதிகள் பலவற்றிற்கு இசுபானியத் துறவி ஆகிரத மரியாள் (1602–1665) எழுதிய நூல் மூலம் என்பர், அது மெய்யே. ஆனால் மூலம் வேறு, காப்பியக் கட்டமைப்பு வேறு. கதையைக் கடன்கொண்டார் என்பதனால், அதனைத் தமிழ் மெய்ப்பாட்டு நெறியில் நிறுத்திய திறம் கடன் ஆகாது. குறையும் இல்லாமல் இல்லை. அருஞ்சொற்களும் சிலேடைகளும் செறிந்த இடங்களில் உவகை கற்பாரைச் சென்றடையாது நடுவழியில் தளர்கின்றது. பொதுமக்கள் பொருட்டு எளிய உரைநடை எழுத வல்லவர், இங்குப் புலவரையே நோக்கிப் பாடினார். வாடாத மாலையைத் தொடுத்தவர் அதனை உயரத்தில் தொங்கவிட்டார் என்பதே நம் குறை.

எனினும், அவ்வுவகையின் மெய்ம்மையில் ஐயமில்லை. மகிழ்வினைப் படலத்தைப் பாடிய அவரே அன்னை அழுங்கல் அந்தாதியும் பாடினார். தேம்பாவணியின் இரண்டாம் காண்டமும் குழந்தையோடு நாடு துறந்து செல்லும் பைதிரம் நீங்கு படலத்திலேயே தொடங்குகின்றது. முன்னே ஐயமும் பின்னே அலைச்சலும் நிற்க, இடையே உவகையை நிறுத்தியவரைப் பூச்சு வேலை செய்தார் என்றல் பொருந்தாது. பூச்சு வெயிலிலும் மழையிலும் கரைந்துவிடும். வளனின் உவகையோ நாடு துறந்த வழியிலும் அவனுக்குத் துணை நின்றது. அதனாலன்றோ அம்மாலை தேம்பாவணி எனப் பெயர் பெற்றது!