சண்டைக்கு முந்தைய வாரம்

லாஸ் வேகாஸில் சனிக்கிழமை இரவு நடக்கும் பெரிய குத்துச்சண்டை எங்கள் தொரப்பள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் வேளையில் வந்து சேர்கிறது. ரியாத்தில் நடந்தால் விடியுமுன் எழுந்து உட்கார வேண்டும். ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு இரண்டு வேளையும் ஒத்துவரும். எனக்குச் சண்டையைவிடப் பிடித்தது அதற்கு முந்தைய வாரம்தான். டீக்கடை பெஞ்சிலும் கம்பெனி பஸ்ஸிலும் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து நடக்கிற அந்தக் கணிப்புப் பேச்சை ஒரு கலையாகவே மதிக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்குத் தொரப்பள்ளி ராஜாஜி பிறந்த ஊர். இங்கே பாக்சிங்கும் பேசுவோம் என்பது அவ்வளவாகத் தெரியாது.

யார் ஜெயிப்பார் என்று மட்டும் சொல்வதில் பெரிய வித்தை இல்லை. ரிங்குக்குள் இருப்பது இரண்டே பேர். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதி பலிக்கும். எந்த ரவுண்டில், எந்தக் கையால், எதிராளியின் எந்தப் பழக்கத்தால் என்று சேர்த்துச் சொல்கிறவரின் பேச்சைத்தான் காது கொடுத்துக் கேட்கத் தோன்றும். அந்தக் கண் இந்த வட்டாரத்தில் இருக்கிறது. எருது விடும் விழாவுக்கு மாடு வந்து இறங்கியதும் விஷயம் தெரிந்த பெரியவர்கள் கொம்பில் கட்டிய அலங்காரத்தில் மயங்க மாட்டார்கள். காதைப் பார்ப்பார்கள், பின்னங்காலைப் பார்ப்பார்கள், கூட்டம் கத்தும்போது மாடு எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்ப்பார்கள். குத்துச்சண்டைக்காரரைப் படிப்பதும் அப்படித்தான்.

இந்தக் கலையின் உச்சமாக நான் வைத்திருப்பது ஒரு ரசிகரின் கணிப்பை அல்ல, ரிங்குக்குள் இறங்க வேண்டிய ஒருவரின் கணிப்பை. 1935 டிசம்பரில் ஜோ லூயிஸ், பாவ்லினோ உஸ்குதுனை நாலாவது ரவுண்டில் சாய்த்தார். லூயிஸ் அப்போது தோல்வியே அறியாத இளைஞர். கூட்டம் முழுக்க அவருடைய வலக்கையின் பலத்தைப் பார்த்து வாய் பிளந்து நின்றது. ஜெர்மானியரான மாக்ஸ் ஷ்மெலிங்கும் அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் இடக்கையைப் பார்த்தார். ஜாப் போட்டுவிட்டுக் கையைத் திரும்ப இழுக்கும்போது லூயிஸ் அதைக் கொஞ்சம் தாழ விடுகிறார். அந்த ஒரு கணம் தாடை திறந்து கிடக்கிறது. அந்த இடைவெளிக்குள் தன் வலக்கையை அனுப்ப முடியும் என்று ஷ்மெலிங் கணக்குப் போட்டார். 1936 ஜூன் 19 அன்று நியூயார்க்கில், நாலாவது ரவுண்டில் லூயிஸை முதன்முறையாக விழவைத்தார், பன்னிரண்டாவதில் முடித்தார். ஜெயிப்பார் என்று அவரை நம்பியவர்கள் மிகக் குறைவு.

ஆனால் அதே கணிப்பை 1938-இல் மறுபடி நம்பியவர்கள் ஏமாந்தார்கள். இடைப்பட்ட இரண்டு வருடத்தில் லூயிஸ் வேறு ஆளாகியிருந்தார். மறுசண்டை 124 வினாடிகளில் முடிந்தது. பழைய சண்டையின் குறிப்பை வைத்துப் புதிய சண்டையைச் சொல்லும்போது, நடுவில் அந்த மனிதர் என்ன கற்றுக்கொண்டார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. சீக்கிரம் முடிந்த வெற்றி, பார்ப்பவருக்கு மிகக் குறைவாகவே சொல்லித் தரும். ஒருவர் வரிசையாக முதல் ரவுண்டிலும் இரண்டாவது ரவுண்டிலும் எதிராளிகளைச் சாய்க்கிறார் என்றால் அவருடைய குத்து கனம் என்பது தெரிகிறது. ஏழாவது ரவுண்டில் அவர் மூச்சு எப்படி இருக்கும், அடி வாங்கினால் முகம் எப்படி மாறும், திட்டம் பலிக்காதபோது அடுத்து என்ன செய்வார் என்பது எதுவுமே தெரியவில்லை. கணிக்கிறவருக்கான புதையல், அவர் கஷ்டப்பட்டு ஜெயித்த, எல்லோரும் மறந்துபோன நீண்ட சண்டையில்தான் இருக்கும்.

சோனி லிஸ்டனை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளாய்ட் பேட்டர்சனை 1962-இலும் 1963-இலும் முதல் ரவுண்டிலேயே தூக்கி எறிந்தவர். 1964 பிப்ரவரியில் காஷியஸ் கிளே, அதாவது பின்னாளைய முகமது அலி, அவரை எதிர்கொண்டபோது பந்தயக் கணக்கு லிஸ்டன் பக்கம் 7-க்கு 1. மியாமியில் கருத்துக் கேட்கப்பட்ட 46 விளையாட்டு எழுத்தாளர்களில் 43 பேர் லிஸ்டன்தான் என்றார்கள். நீளமான சண்டை போட்டே அவருக்கு வருடக்கணக்கில் ஆகியிருந்தது என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழாவது ரவுண்டுக்கு லிஸ்டன் ஸ்டூலை விட்டு எழவில்லை.

பத்து வருடம் கழித்து அதே பாடம், இன்னும் பெரிய எழுத்தில். ஜார்ஜ் ஃபோர்மேன் 40 சண்டையில் 40 வெற்றி, அதில் 37 நாக் அவுட். கடைசி எட்டுப் பேரில் ஒருவர்கூட இரண்டாவது ரவுண்டைத் தாண்டவில்லை. அந்த எட்டில் ஜோ ஃப்ரேஸியரும் கென் நார்ட்டனும் அடக்கம். இந்த இருவரும் அலியை ஜெயித்தவர்கள். ஃப்ரேஸியர் 1971-இல், நார்ட்டன் 1973-இல் தாடையையே உடைத்து. ஆக, அவன் இவனை அடித்தான், இவன் அவரை அடித்தான், எனவே அவன் அவரை அடிப்பான் என்று பள்ளிக்கூடக் கணக்கு சொன்னது. இந்தக் கணக்கைக் குத்துச்சண்டையில் போடவே கூடாது என்பது என் கட்சி. ஃப்ரேஸியரும் நார்ட்டனும் முன்னேறி வந்து அலியை நெருக்கியவர்கள். முன்னேறி வருகிறவர்களை அடிப்பதற்கென்றே அமைந்தது ஃபோர்மேனின் கை. அலி முன்னேறி வரப்போவதில்லை. ஒருவருடைய முறை இன்னொருவருடைய முறையோடு எப்படி உரசுகிறது என்பதைப் பார்க்காமல் வெற்றிப் பட்டியலை மட்டும் பார்த்தால் வழி தப்பும்.

அப்படியென்றால் தடயம் எங்கே இருந்தது? கிரகோரியோ பெரால்ட்டாவிடம். அர்ஜென்டினாக்காரர், ஃபோர்மேனைவிட எடை குறைந்தவர், வயதில் மூத்தவர். 1970-இல் பத்து ரவுண்டு முழுதும் நின்று புள்ளியில்தான் தோற்றார். 1971-இல் மறுபடி பத்தாவது ரவுண்டுவரை இழுத்தார். அகலமாகச் சுழன்று வரும் குத்தை நழுவவிட்டு, கட்டிப் பிடித்து, பொறுமையைச் சோதித்தால் ஃபோர்மேனைப் பிந்தைய ரவுண்டுகளுக்கு இழுத்துப்போக முடியும் என்பதற்கு அந்த இரண்டு சண்டையும் சாட்சி. 1974 அக்டோபர் 30, கின்ஷாசா. அங்கே அதிகாலை நாலு மணி, நமக்குக் காலை எட்டரை. முதல் ரவுண்டில் அலி ஜாபே இல்லாமல் நேராக வலக்கையை வீசினார். தூரம் அதிகம், ஆபத்தும் அதிகம் என்பதால் பெரிய சண்டையில் யாரும் எளிதில் துணியாத குத்து அது. பிறகு கயிற்றில் சாய்ந்துகொண்டு அடிக்கவிட்டார். எட்டாவது ரவுண்டில் ஃபோர்மேன் தரையில். அலி ஓடி ஆடி ஜெயிப்பார் என்று சொன்ன சிலர் இருந்தார்கள். ஆளைச் சரியாகச் சொன்னார்கள், வழியைச் சொல்லவில்லை. கயிற்றை விட்டு வெளியே வா என்று அலியின் சொந்த மூலையிலிருந்தே கத்தினார்கள். அந்தச் சண்டையின் மேல் எனக்குத் தீராத மோகம் இருப்பதற்கு இதுவே காரணம்.

1990 பிப்ரவரி, டோக்கியோ, மைக் டைசன் எதிர் பஸ்டர் டக்ளஸ். பந்தயக் கணக்கு டைசன் பக்கம் 42-க்கு 1 என்பது எல்லோருக்கும் தெரிந்தது; ஜெயித்ததோ டக்ளஸ். ஸ்பிங்க்ஸ் என்பவரை முன்பு 91 வினாடியில் டைசன் முடித்ததையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தவர்களுக்கு, 1986-இல் ஜேம்ஸ் டில்லிஸ் அதே டைசனுக்கு எதிராகப் பத்து ரவுண்டு நின்றது நினைவில் இல்லை. டக்ளஸ் உயரமானவர், நீண்ட ஜாப் உள்ளவர். டைசனோ தன் பழைய பயிற்சியாளர் கெவின் ரூனியைப் பிரிந்திருந்தார். டைசனின் கண் வீங்கியபோது, வீக்கத்தை அமுக்கும் இரும்புகூட அவருடைய மூலையில் இல்லை. ரப்பர் கையுறையில் குளிர்ந்த நீரை நிரப்பி ஒத்தினார்கள். மூலையில் யார் நிற்கிறார்கள் என்பதையும் கணிப்பில் சேர்க்க வேண்டும் என்று இதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

சில சண்டைகளுக்கு விடை ஒப்பந்தத் தாளிலேயே இருக்கும். 1987 ஏப்ரலில் மார்வின் ஹாக்லர் எதிர் சுகர் ரே லெனார்ட். ஹாக்லர் 1976-க்குப் பிறகு தோற்றதே இல்லை. லெனார்ட் ஐந்து வருடத்தில் ஒரே ஒரு சண்டைதான் போட்டிருந்தார். ஆனால் லெனார்ட் தரப்பு கேட்டு வாங்கியவற்றைப் பாருங்கள்: பதினைந்துக்குப் பதில் பன்னிரண்டு ரவுண்டு, பெரிய ரிங், கனமான கையுறை. மூன்றும் வேகமான காலுக்கும் தளர்ந்த மூச்சுக்கும் சாதகம். போதாததற்கு, இடக்கைப் பாணிக்காரரான ஹாக்லர் முதல் சில ரவுண்டுகளை வலக்கைப் பாணியில் நின்று வீணாக்கினார். கடைசியில் ஒரு நடுவர் 118-110 என்று லெனார்டுக்கும், இன்னொருவர் 115-113 என்று ஹாக்லருக்கும், மூன்றாமவர் 115-113 என்று லெனார்டுக்கும் கொடுத்தார்கள். ஒரே சண்டையைப் பார்த்த மூன்று ஜோடிக் கண்கள்! 2012-இல் பாக்கியாவ், பிராட்லியிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டபோதும் இதே கொதிப்பு. புள்ளியில் முடியக்கூடிய சண்டை என்றால், முன்னேறி வருகிறவரை விரும்பும் நடுவரா, சுத்தமான குத்தை எண்ணும் நடுவரா என்பதும் கணக்கில் வரும்.

நம் நாட்டுச் சண்டை என்றால் ஓசூர்ப் பக்கம் உடனே வருகிற பெயர் மேரி கோம். வேலைக்காக வடகிழக்கிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கு அது வீட்டுப் பெயர் மாதிரி. அமெச்சூர் சண்டைக்குக் கணிக்கும் அளவுகோலே வேறு. மூன்றே ரவுண்டு; ஃபோர்மேனைக் காத்திருந்து களைக்க வைத்த வித்தைக்கு இங்கே இடமில்லை. முதல் ரவுண்டை விட்டவர் மீதியில் துரத்த வேண்டும். துரத்துகிறவரை எதிர்க்குத்தில் பிடிப்பது சுலபம். 2019 டிசம்பர் 28 அன்று டெல்லியில், ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு 51 கிலோ பிரிவில் யார் போவது என்று மேரி கோமும் நிகத் ஜரீனும் மோதினார்கள். ஒருவருக்கு 37 வயது, இன்னொருவருக்கு 23. நியாயமான தேர்வுச் சண்டை வேண்டும் என்று நிகத் பகிரங்கமாகக் கேட்டுப் பெற்ற சண்டை. இளமைதான் வெல்லும் என்று பேசியவர்கள் உண்டு. இடக்கைப் பாணிக்காரரான மேரி, தூரத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டால் மூன்று ரவுண்டு அவருக்குப் போதும் என்பது மறுதரப்பு வாதம். மேரி 9-1 என்று வென்றார்.

அந்தச் சண்டையில் தோற்றவரைக் கவனித்தவர்களே என் மதிப்பில் உயர்ந்தவர்கள். நிகத் 2022-இல் இஸ்தான்புல்லில் உலக சாம்பியன், 2023-இல் டெல்லியில் மறுபடி உலக சாம்பியன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலோ தரவரிசை இல்லாமல் இறங்கியதால் இரண்டாவது சண்டையிலேயே முதல் நிலையில் இருந்த சீனாவின் வூ யூ எதிரே வந்தார், 0-5. திறமையைப் படித்தால் போதாது, யார் யாரை எப்போது சந்திக்கிறார்கள் என்ற அட்டவணையையும் படிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தக் கண்ணுக்கு வடசென்னைதான் தாய்வீடு. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரைகளாகப் பிரிந்து சண்டை போட்ட ஊர் அது. எதிராளியின் பெயரைக் கேட்டதுமே யாரிடம் கற்றவர் என்பதும் சேர்ந்தே காதில் விழும். வாத்தியாரைத் தெரிந்தால் சீடனின் கால் எப்படிப் போகும் என்று பாதி சொல்லிவிடலாம். கித்தேரி முத்து என்ற குத்துச்சண்டைக்காரர், டெரி என்பவரை வீழ்த்திய கதை அங்கே இன்றும் தாத்தா சொல்லிப் பேரன் கேட்கிற கதை. 2021-இல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’ படத்துக்குப் பிறகு இந்தப் பெயர்கள் எங்கள் பக்கத்துப் பசங்களுக்கும் மனப்பாடம். 1980-இல் அலியே சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை ஆடினார். இருவரும் ஒரே ஊரில் வளர்ந்த பழைய நண்பர்கள். அதில் கணிக்க எதுவும் இல்லை, பார்த்துப் பூரிக்க நிறைய இருந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பணம் கட்டியதும் இந்தக் கண் கெட்டுப்போகிறது. கட்டிய பக்கத்துக் குத்து மட்டும் தெரியும். வாங்கிய அடி தெரியாது. செல்போன் பந்தயத்தில் சம்பளத்தைத் தொலைத்த குடும்பங்கள் தொழிற்பேட்டைப் பகுதியில் வாழும் எவருக்கும் புதிதல்ல. ரசனைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்த பெரிய சண்டை அறிவிக்கப்பட்டதும் இருவருடைய நாக் அவுட் தொகுப்புகளை ஒதுக்கி வையுங்கள். இருவரும் ஜெயிக்கத் திணறிய ஒரு சண்டையைத் தேடி, மணி அடித்ததிலிருந்து கடைசிவரை, ரவுண்டுக்கு நடுவில் மூலையில் உட்காரும் அந்த ஒரு நிமிடத்தையும் விடாமல் பாருங்கள். பிறகு யார், எந்த ரவுண்டில், எதனால் என்று ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு, கூடப் பார்க்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.