ஆரும் கேக்கல்லயே

வாசகர் கேட்பதை மட்டும் வாங்கினால் போதும் என்ற பேச்சு பல்கலைக்கழக நூலகர்களிடையே இப்போது பெருத்திருக்கிறது. 2000 இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் பிற நூலகங்களிலிருந்து இரவல் கேட்கப்பட்ட நூல்கள் சிலவற்றை விலைக்கே வாங்கிக் கொடுத்ததை முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில், வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 சதவீதம் ஆறு ஆண்டுகளாகியும் ஒருமுறைகூட இரவல் போகவில்லை என்று 1979 இல் வெளியான ஆய்வையும் துணைக்கு அழைக்கிறார்கள். நியாயந்தான். தூசு படியவா காசு கொடுப்பது?

ஆனால் ஒரு நூலைக் கேட்பதற்கு, அப்படியொன்று இருப்பது தெரிந்திருக்க வேண்டுமே! கிழக்கிலங்கைக் கரையோரத்தில், கல்முனைப் பக்கத்து நூல் வெளியீட்டு விழா ஒன்றை நினைத்துப் பாருங்கள். கவிஞர் சொந்தக் காசில் 300 பிரதி அச்சடிப்பார். முதற்பிரதியை ஊர்த் தனவந்தர் கடித உறை நீட்டிப் பெறுவார். (உறைக்குள் இருப்பதுதான் அச்சகக் கடனை அடைக்கும்.) மிஞ்சியவை காட்போட் பெட்டியில் கட்டிலுக்கடியில் போகும். எந்த விற்பனையாளரின் பட்டியலிலும் அந்த நூல் ஏறாது. பத்து வருடம் கழித்து அப்பக்கத்து மருதமுனைக் கவிதை பற்றி ஆய்வு செய்ய ஒரு மாணவி வந்து கேட்கும்போது கறையான் முந்தியிருக்கும். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலையாய்க் கடலும் முந்தியது.

தப்பிய நூல்களும் உண்டு. கவிஞர் எம்.ஏ. நுஃமானின் 'பலஸ்தீனக் கவிதைகள்' 1981 இல் கல்முனை வாசகர் சங்க வெளியீடாக வந்து, பின்னர் மறுபதிப்பும் கண்டது. எல்லா நூலுக்கும் அந்த யோகம் வாய்க்காது.

நம் சீர்காழி ரங்கநாதன் 1931 இல் வகுத்த ஐந்து நூலகவியல் விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பதோடு இந்த நூலகர்கள் நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது அடுத்த விதி. அந்த வாசகர் பிறக்காமல்கூட இருக்கலாம். கேட்டதை எடுத்துக் கொடுக்கச் சந்தைக் கடைக்காரர் போதும். நூலகவியல் பட்டம் எதற்கு? 1995 இல் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டே பல்கலைக்கழகமானதன் ஒலுவில் வளாகம் இக்கரையில் இருப்பதன் பொருளே, இக்கரையின் எழுத்தைக் கேட்குமுன் சேர்த்துவைப்பதுதான் என்பேன்.

ஒருமுறை நண்பரின் தொகுப்பில் இரண்டு பிரதியோடு ஒரு நூலகத்துக்குப் போனேன். பொறுப்பானவர் புரட்டிப் பார்த்து, "நல்ல புத்தகந்தான் சேர், ஆனா ஆரும் கேக்கல்லயே" என்றார்.

வெளியீடு முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.